ஆறு வயதுப் பிள்ளை, 36 கிலோ, இரவில் முட்டும் மூச்சு

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு ஆறு வயது. நிறை 36 கிலோ, உயரம் 117 சென்டிமீட்டர். லொறி ரோட்டிலிருந்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஏறும் படிகளில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறான். இரவில் பெரிய ஆள் மாதிரிக் குறட்டை, வாயைத் திறந்தபடி தூக்கம். பள்ளிக்கூடத்தில் மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடுகிறான் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். டிஸ்பென்சரியில் வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் "குளிருக்கு அப்படித்தான், வளர்ந்தா சரியாயிரும்" என்கிறார்கள். "உடம்பு குறைந்தால் மூச்சும் சரியாகிவிடுமா, டாக்டர்?" என்று முடித்திருக்கிறார். அவர் உண்மையில் கேட்பது, உடம்பு குறையும்வரை காத்திருக்கலாமா என்பதுதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நிறை குறைய மாதங்கள் ஆகும், வருடமும் ஆகலாம். மூச்சை அதற்கு முன்பே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

நான் குழந்தைகள் வார்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். அதில் பாதிக்கு மேல் மலையகத்தில்தான். காது மூக்கு தொண்டை நிபுணர் இல்லை. உங்கள் பிள்ளையின் தொண்டையைப் பார்க்கவும் இல்லை, நெஞ்சில் கருவி வைத்துக் கேட்கவும் இல்லை. அதனால் இவனுக்கு இன்ன நோய் என்று இங்கிருந்தே முத்திரை குத்த மாட்டேன். ஆனால் நீங்கள் கொடுத்த இரண்டு எண்களே நிறையச் சொல்கின்றன. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 26 வருகிறது. உலக சுகாதார அமைப்பின் அட்டவணையில் ஆறு வயது ஆண் பிள்ளையின் நடு அளவு 15 சொச்சம், 18.5 ஐத் தாண்டினால் உடற்பருமன். உங்கள் மகன் அதையும் வெகுதூரம் தாண்டிவிட்டான். அவன் உயரத்துக்கு 20, 21 கிலோ இருந்தால் போதும். மீதி 15 கிலோ என்பது ஒரு கூடைக் கொழுந்தின் பாரம். மலையில் கொழுந்தெடுக்கும் தாய்க்குக் கூடையை நிறுவையில் இறக்கி வைக்கவாவது முடியும். பிள்ளைக்குப் படுக்கும்போதும் இறக்க முடியாது.

படுக்கும்போதுதான் தொல்லையே அதிகம். மூக்குக்குப் பின்னாலும் தொண்டையின் இரு பக்கத்திலும் இருக்கும் அடினாய்டு, டான்சில் சதைகள் இரண்டு வயதிலிருந்து எட்டு வயது வரைக்கும்தான் தொண்டையின் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரிதாக இருக்கும். ஒல்லியான பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பருமனான பிள்ளைக்கு அதோடு நாக்கடியிலும் தொண்டையைச் சுற்றியும் கொழுப்பும் சேர்ந்துகொள்கிறது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் வழியைத் திறந்து பிடித்திருக்கும். தூங்கினால் அவை தளரும். ரப்பர் குழாயின் ஒரு நுனியை வாயில் வைத்து வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், குழாய் சப்பிப் போகும். அதேபோல் பிள்ளை மூச்சை இழுக்க இழுக்கத் தொண்டை ஒட்டிக்கொள்கிறது. பாதி ஒட்டினால் குறட்டை. முழுதாக ஒட்டினால் சத்தமே இருக்காது. நெஞ்சு மட்டும் அசையும், காற்று போகாது. சில விநாடிகளில் மூளை பதறி எழுப்ப, ஒரு திணறல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. இதைத்தான் தூக்க மூச்சடைப்பு என்கிறோம். பிள்ளைக்கு விழித்த ஞாபகமே இருக்காது. ஆனால் இரவு முழுக்க இப்படி நடந்தால் தூங்கின மாதிரியே இருக்காது.

நெஞ்சின் பங்கும் உண்டு. மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையை மேலே தள்ளுகிறது, நெஞ்சுச் சுவரின் கொழுப்பு மேலிருந்து அமுக்குகிறது. மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று கையிருப்பாக மிஞ்சும். பருமனான பிள்ளையிடம் அந்தக் கையிருப்பு குறைவு. ஆகவே ஒல்லிப் பிள்ளை பத்து விநாடி மூச்சடைத்தால் தாங்கிக்கொள்ளும் இடத்தில் இவனுக்கு ஒட்சிசன் மளமளவென்று இறங்கும். படியேறும்போது மூச்சு வாங்குவதற்கும் பாதிக் காரணம் இதுதான், மீதிப் பாதி தூக்கி ஏறும் பாரம்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனை நான் தவறவிட்டேன். ஐந்து வயது, நல்ல பருமன். பகலில் கிளினிக்குக்கு வந்தான். நெஞ்சில் லேசான சத்தம் கேட்டது, வீசிங் என்று எழுதி இன்ஹேலர் கொடுத்து அனுப்பினேன். இரவு எப்படித் தூங்குகிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் சளிக் காய்ச்சலோடு வார்டில் சேர்த்தார்கள். இரவு இரண்டு மணிக்குச் சுற்றி வந்தபோது அவனுடைய அப்பாயி கதிரையில் உட்கார்ந்து, கையைப் போர்வைக்குள் விட்டு அவன் பாதத்தைப் பிடித்திருந்தார். ஏன் தூங்கவில்லை என்று கேட்டேன். "நான் உள்ளங்கால தட்டலைன்னா மூச்சு எடுக்க மாட்டான் ஐயா" என்றார். பக்கத்தில் நின்று பார்த்தேன். குறட்டை நின்றது. நெஞ்சுக்குழி உள்ளே போனது, வயிறு மட்டும் மேலே எழும்பியது. அவர் தட்டினார். பெரிய இரைச்சலோடு மூச்சு வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருடமாம். ஒரு வருடம் அந்தக் கிழவி தூக்கத்தைத் தொலைத்துவிட்டுச் செய்த காவலை நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்துகொண்டிருப்பேன்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அவன் தூங்குவதைப் போனில் படமெடுப்பது. படுத்த உடனே எடுத்தால் போதாது. பிள்ளைகளுக்கு இந்த அடைப்பு கனவுத் தூக்கத்தில்தான் கூடுதலாக வரும், அந்தத் தூக்கம் விடியப்புறத்தில் அதிகம். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் எடுங்கள். நீங்கள் எப்படியும் அடுப்பு மூட்ட எழும்புகிற நேரம்தானே. போர்வையை இடுப்பு வரை இறக்கி, முகமும் நெஞ்சும் வயிறும் தெரியும்படி, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மூன்று நிமிடம். சத்தமும் பதிவாக வேண்டும். குறட்டைக்கு நடுவில் மௌனம் வருகிறதா, அதன் முடிவில் திணறுகிறானா, நெஞ்சு உள்ளே போய் வயிறு வெளியே வருகிறதா, கழுத்தைப் பின்னால் வளைத்து வாயை அண்ணாந்து வைத்துப் படுக்கிறானா, உட்கார்ந்தபடி தூங்கப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். தலையணை வாய்நீரில் நனைவது, தூக்கத்தில் தலை வேர்த்துக் கொட்டுவது, விட்டிருந்த பழக்கம் திரும்பி மறுபடி படுக்கையில் சிறுநீர் போவது, காலையில் தலைவலி, இவையும் சேர்த்தி. பெரியவர்கள் தூக்கம் போதாவிட்டால் சோர்ந்து கிடப்பார்கள். சின்னப் பிள்ளைகளில் பலர் நேர்மாறாக ஓடியாடிக் கத்தி அடம்பிடிப்பார்கள், அதை வால்தனம் என்று அடிப்பார்கள். உங்கள் மகன் மேசையில் படுத்துவிடுகிறான் என்பது அதனால்தான் எனக்கு உறுத்துகிறது. இந்த வயதில் பட்டப்பகலில் தூங்கி விழுவதைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது.

இன்ஹேலர் விஷயத்துக்கு வருகிறேன். வீசிங் இல்லை என்று நான் சொல்லவில்லை. பருமனான பிள்ளைகளுக்கு ஆஸ்துமா கூடுதலாக வருவது உண்மை, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சந்தேகம் எங்கே என்றால், மூச்சு வாங்குவதெல்லாம் ஆஸ்துமாதானா என்பதில். ஆஸ்துமா என்றால் மூச்சை வெளியே விடும்போது விசிலடிக்கும், இருமல் இருக்கும், இன்ஹேலர் போட்ட சிறிது நேரத்தில் தெரிகிற மாதிரி இளகும். தொண்டை அடைப்பில் உள்ளே இழுக்கும்போது இரைச்சல், விழித்தால் போய்விடும், இன்ஹேலருக்கு அசையாது. உங்கள் அனுபவம் எதோடு ஒத்துப்போகிறது என்று எழுதி வையுங்கள். நீங்களாக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று: வீசிங் வரும்போதெல்லாம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரோய்ட் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? அது அடிக்கடி போனால் பசியைக் கிளப்பி உடம்பைக் கூட்டும். பழைய துண்டுச்சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அதைப்போலவே, தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகளை "பிள்ளை நல்லாத் தூங்கட்டும்" என்று கொடுக்க வேண்டாம். இவனுக்குத் தூக்கம் ஆழமானால் தொண்டை இன்னும் தளரும்.

குளிர்தான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். குளிர் மாதங்களில் மூக்கடைப்பு வரும், மூக்கடைத்தால் குறட்டை கூடும், அவ்வளவு சரி. ஆனால் ஒரே லயத்தில் அதே குளிரில் தூங்கும் மற்றப் பிள்ளைகள் இப்படித் திணறவில்லையே. குளிரைவிட எனக்குப் புகை மேல்தான் கோபம். விறகடுப்பும் படுக்கையும் ஒரே காம்பராவில் இருந்தால், அல்லது யாராவது உள்ளே சிகரெட், பீடி பிடித்தால், மூக்கும் தொண்டையும் வீங்கியே இருக்கும். உயரத்துக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. நுவரெலியா 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். தலவாக்கலை அதைவிடத் தாழ்வு, ஆனாலும் மலைதான். அதனால் விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி கொழும்புப் பிள்ளைக்குக் காட்டுவதைவிட இங்கே ஒன்றிரண்டு குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். அதேநேரம் பகலில் 97 காட்டியது என்று நிம்மதியடையவும் வேண்டாம். இந்த நோய் பகலில் ஒளிந்துகொள்ளும்.

நம் ஊரில் இது ஏன் பிந்தித் தெரிகிறது என்பதற்கு நான் கண்ட காரணம் ஒன்று. தோட்டத்தில் நாம் பழகியது மெலிந்த பிள்ளைகளின் கவலைக்கு. 2016 இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில் தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள்; முழு நாட்டுக்கும் அது 17 தான். குடும்பநல உத்தியோகத்தர் வளர்ச்சிப் புத்தகத்தைத் திறந்தால் கண் போவது கீழ்க்கோட்டுக்கு. பிள்ளை கீழே விழாமல் இருந்தால் எல்லோருக்கும் சந்தோசம். மேலே போவதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. கொழுகொழு என்று இருந்தால் கண்ணு பட்டுவிடும் என்று நெற்றியில் பொட்டு வைப்போம். அப்படியொரு வீட்டில் பிள்ளை பருத்தான் என்றால் தாயைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. விடியக்காலை மலைக்குப் போய் மாலை வருகிறவள், பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டுப்போன பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கெட்டைக் கொடுத்து மனசை ஆற்றிக்கொள்கிறாள்.

இனிப் பரிசோதனை. சரியான பரிசோதனை என்றால் ஒரு இரவு முழுக்க உடம்பில் கம்பிகள் ஒட்டித் தூக்கத்தைப் பதிவதுதான். பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து தடவை வரை விட்டுவைப்பார்கள். பிள்ளைகளில் மணிக்கு ஒரு தடவைக்கு மேல் மூச்சடைத்தாலே இயல்பில்லை, பத்துக்கு மேல் என்றால் கடுமை. இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. அதற்குப் பதிலாக விரலில் கருவியை மாட்டி இரவு முழுக்க ஒட்சிசனைப் பதியலாம். அதில் திரும்பத் திரும்ப இறக்கங்கள் தெரிந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. தெரியாவிட்டால் நோயில்லை என்று ஆகாது. டான்சிலும் அடினாய்டும் பெரிதாக இருந்தால் முதல் சிகிச்சை அவற்றை எடுத்துவிடுவது. 2013 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 5 முதல் 9 வயது வரை 464 பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஏழு மாதத்தில், அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் 100க்கு 79 பேருக்குத் தூக்கப் பதிவு சீரானது. செய்யாமல் கவனித்தவர்களிலும் 46 பேருக்குச் சீரானது. இதைக் காட்டி "பாதிப்பேருக்குத் தானாகவே போகிறதே" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஆய்வில் மிகக் கடுமையான பருமனுள்ள பிள்ளைகளைச் சேர்க்கவே இல்லை. உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைக்கு அந்த எண் பொருந்தாது. பருமனான பிள்ளைகளில் அறுவைக்குப் பிறகும் மூச்சடைப்பு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஆக, அறுவை உதவும் என்பது நிச்சயம், அதோடு முடியும் என்பது நிச்சயமில்லை. மிஞ்சினால் இரவில் மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தித் தரும் முகமூடிக் கருவி இருக்கிறது. பிள்ளையைப் பழக்க நாளெடுக்கும், ஆனால் பழகிவிடுவார்கள். அறுவை செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். கடும் பருமனுள்ள பிள்ளையை ஒரு இரவாவது வார்டில் கருவி மாட்டிக் கவனிக்க வேண்டும். இன்னொரு விசித்திரம், தொண்டை திறந்த பிறகு நிறையப் பிள்ளைகள் நிறை கூடுகிறார்கள். சாப்பாட்டை அப்போதும் தளர்த்தக் கூடாது.

அபூர்வமான காரணங்களையும் டாக்டர் ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக அதிகம் சாப்பிட்டுப் பருத்த பிள்ளை வயதுக்கேற்ற உயரமாகவோ அதைவிடக் கூடவோ இருப்பான். உங்கள் மகன் 117 என்பது சரியான உயரம், அது ஆறுதல். குட்டையாகவும் பருமனாகவும் இருந்தால் தைரோயிட், மற்ற ஹோர்மோன்களைப் பார்ப்போம். பிறந்தபோது துணி மாதிரித் துவண்டு, பால் உறிஞ்ச முடியாமல் இருந்து, இரண்டு மூன்று வயதுக்குப் பிறகு பசி அடங்காமல் போன பிள்ளை என்றால் பிராடர்-வில்லி என்ற மரபணுக் கோளாறு நினைவுக்கு வரும். நன்றாக இருந்த பிள்ளை இரண்டு வயதுக்கு மேல் ஏதோ ஒரு ஆறு மாதத்தில், வருடத்தில், திடீரென்று பத்துப் பதினைந்து கிலோ ஏறினால் அது மூளையின் ஆழத்தில் பசியையும் மூச்சையும் ஆளும் பகுதியின் நோயாக இருக்கலாம். மிக மிக அரிது, ஆனால் அந்தப் பிள்ளை தூக்கத்தில் மூச்சு விடவே மறந்துபோகும். உங்களிடம் வளர்ச்சிப் புத்தகம் இருந்தால் கோடு சரிவாக ஏறியதா, ஒரே இடத்தில் செங்குத்தாக ஏறியதா என்று பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பெரிய திட்டம் வேண்டாம், பட்டினி கூடவே கூடாது. வளரும் பிள்ளை. முதலில் நிறை ஏறாமல் நின்றாலே வெற்றி, ஏனென்றால் உயரம் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் போய்க்கொண்டே இருக்கும். அதன் பிறகு கிளினிக் சொல்கிறபடி மாதத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். நான் முதலில் கை வைப்பது தேத்தண்ணியில். நாளைக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் குவித்து இரண்டு கரண்டி என்றால் 50 கிராம் சீனி, அது மட்டுமே 200 கலோரி. ஒரு வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று என்று வீட்டில் எல்லோருக்கும் குறையுங்கள். அவனுக்கு மட்டும் குறைத்தால் அண்ணன் கோப்பையைக் குடிப்பான். டின்பாலை விட்டுவிடுங்கள். குளிர்பானப் போத்தலில் 2016 முதல் சீனிக்கு நிறப் புள்ளி போடுகிறார்கள், சிவப்புப் புள்ளியை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். கோதுமை ரொட்டி மூன்று என்றால் இரண்டு, பக்கத்தில் பருப்பும் கறியும் கூட. சுற்றிவர லீக்ஸும் கேரட்டும் போஞ்சியும் விளைகிற மலையில் பிள்ளைக்கு ரொட்டியும் சம்பலும் மட்டும் என்பது எனக்கு எப்போதும் ஆற்றாமைதான். விளையாட விடுங்கள், மூச்சு வாங்கினால் நிற்கட்டும், திட்டாதீர்கள்.

படுக்கும்போது பக்கவாட்டில் படுக்க வையுங்கள். இரண்டு தலையணை அடுக்கினால் கழுத்து மடிந்து அடைப்பு கூடும். உயர்த்துவதென்றால் மெத்தையின் தலைப்பக்கம் முழுவதையும் உயர்த்துங்கள். உதடு நீலமாகினால், தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால், விழித்த பிறகும் திணறினால் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் இரவில் லயத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் படும் பாடு தெரியும், யாரையாவது டோர்ச்சோடு லொறி ரோட்டுக்கு இறக்கிவிடுங்கள். அந்த அவசரம் இல்லையென்றால் இந்த வாரமே நுவரெலியா வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குப் போங்கள், தேவைப்பட்டால் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு அவர்கள் அனுப்புவார்கள். நாளைக்குப் பல் பிடுங்க மயக்க ஊசி போடுவதாக இருந்தால்கூட குறட்டை விஷயத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். நீண்ட நாள் அடைப்பு இதயத்தின் வலப்பக்கத்தைச் சிரமப்படுத்தும் என்பதால் எக்கோ ஸ்கேன் கேட்டாலும் பயப்படாதீர்கள். போகும்போது வளர்ச்சிப் புத்தகம், துண்டுச்சீட்டுப் பை, இன்ஹேலர், போனில் அந்த விடியப்புற வீடியோ நாலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். டாக்டருக்கு நேரமில்லாவிட்டால் வீடியோவை மட்டுமாவது ஒரு நிமிடம் காட்டிவிடுங்கள்.